காற்றில் நின்ற நாணயம்: ‘ஜாக்’ தொடரின் கடைசி அத்தியாயம் ரசிகர்களைப் பிரித்தது ஏன்?

அமெரிக்கக் கடற்படையின் சட்டப் பிரிவைக் களமாகக் கொண்ட ‘ஜாக்’ தொலைக்காட்சித் தொடரின் கடைசி அத்தியாயம் 2005 ஏப்ரல் 29 அன்று சிபிஎஸ் அலைவரிசையில் ஒளிபரப்பானது. பத்து சீசன்கள், 227 அத்தியாயங்கள் என்று நீண்ட அந்தக் கதையின் நாயகனும் நாயகியும் அதில் ஒருவழியாகத் திருமணம் செய்துகொள்ள முடிவெடுக்கிறார்கள். ஆனால் நாயகனுக்கு லண்டனுக்கும் நாயகிக்குக் கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்கும் மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது. இருவரில் யார் சீருடையைக் கழற்றிவிட்டு மற்றவரோடு புறப்படுவது என்பதை முடிவு செய்ய, நண்பர்கள் சூழ்ந்து நிற்க, ஒரு நாணயம் சுண்டப்படுகிறது. அது மேலே சுழன்றுகொண்டிருக்கும்போதே காட்சி உறைந்துபோகிறது. தொடரும் அத்தோடு முடிகிறது. பூ விழுந்ததா தலை விழுந்ததா என்பது பார்வையாளருக்குச் சொல்லப்படவே இல்லை.

ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ரசிகர்கள் அந்த முடிவை ஏற்பதா மறுப்பதா என்று அன்றே இரண்டுபட்டார்கள். அந்தப் பிளவு இன்னும் ஆறவில்லை. இதை வெறும் காதல் கதை ஏக்கமாகப் பார்ப்பவர்கள் உண்டு. என் பார்வையில் விஷயம் அதைவிட ஆழமானது. ரசிகர்கள் வாதாடிய பொருள் காதல் அல்ல. சமமான தகுதியுள்ள இருவரில் யாருடைய பணிவாழ்வு மற்றவருடையதற்கு வழிவிட வேண்டும் என்பதுதான். அந்தக் கேள்வியைத் தொடரே முதல் நாளிலிருந்து எழுப்பி வளர்த்தது. அதனால்தான் நாணயத்தின் மீது இவ்வளவு கோபமும், அதற்கு ஆதரவாக இவ்வளவு பிடிவாதமும்.

இதை விளங்கிக்கொள்ளத் தொடர் பிறந்த காலத்துக்குப் போக வேண்டும். 1991-இல் லாஸ் வேகாஸில் நடந்த டெயில்ஹுக் மாநாட்டில் கடற்படை விமானிகள் பெண்களிடம் அத்துமீறி நடந்துகொண்டது பெரும் சர்ச்சையாக வெடித்து, அமெரிக்கக் கடற்படையின் பெயரையே உலுக்கியது. 1993-இல் பெண்கள் போர்க்கப்பல்களில் பணியாற்றத் தடையாக இருந்த சட்டம் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே விமானந்தாங்கிக் கப்பல்களில் பெண் விமானிகள் சேர்ந்தார்கள். 1995 செப்டம்பரில் டொனால்ட் பெல்லிசாரியோ உருவாக்கிய ‘ஜாக்’ என்பிசி அலைவரிசையில் தொடங்கியபோது, அதன் முதல் கதையே விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து காணாமல் போகும், கடற்படை விமானப் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண் அதிகாரியின் மரணத்தைப் பற்றியதாக அமைந்தது. கப்பலில் பெண்ணுக்கு இடமுண்டா என்ற கேள்வியோடு தொடங்கிய தொடர், யாருடைய வேலை போக வேண்டும் என்ற கேள்வியோடு முடிந்தது. நடுவில் இருந்த பத்தாண்டும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையிலான தூரம்தான்.

என்பிசி ஒரே சீசனில் தொடரைக் கைவிட்டது. சிபிஎஸ் அதை எடுத்துக்கொண்டு 1997 ஜனவரியில் மீண்டும் ஒளிபரப்பத் தொடங்கியது. அப்போதுதான் டேவிட் ஜேம்ஸ் எலியட் நடித்த ஹார்மன் ராப் என்ற கடற்படை வழக்கறிஞருக்கு இணையாக, கேத்தரின் பெல் நடித்த சாரா மெக்கன்சி என்ற, கடற்படையோடு இணைந்து இயங்கும் மரைன் படையின் வழக்கறிஞர் வந்து சேர்ந்தார். ரசிகர்களுக்கு இவர்கள் ஹார்ம், மேக். ஹார்ம் இரவுப் பார்வைக் கோளாறால் விபத்துக்குள்ளாகி, போர் விமானத்தை விட்டுச் சட்டத்துக்கு வந்தவர். மேக் குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு, தன் முயற்சியால் உயர்ந்தவர். ஒருவர் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர் என்றால் மற்றவர் மரைன் படையின் மேஜர். ஒருவர் கமாண்டர் ஆனால் மற்றவர் லெப்டினன்ட் கர்னல் ஆகிறார். படைகள் வேறு, பதவிப் பெயர்கள் வேறு. ஆனால் படிநிலை ஒன்று. ஒரே மேலதிகாரியிடம் பணி, ஒரே தாழ்வாரத்தில் அறைகள், நீதிமன்றத்தில் ஒருநாள் ஒரே பக்கம், மறுநாள் எதிரெதிர்ப் பக்கம். இந்தச் சமநிலையை எழுத்தாளர்கள் மிகுந்த கவனத்தோடு காத்தார்கள்.

அப்படியானால் இருவரும் ஏன் எட்டாண்டுக்கும் மேலாகச் சேரவில்லை? ராணுவ விதிகள் தடுத்தன என்பதே பெரும்பாலோர் சொல்லும் பதில். அது பாதிதான் சரி. அமெரிக்க ராணுவச் சட்டத் தொகுப்பின் 134-ஆவது பிரிவின் கீழ் குற்றமாவது, அதிகாரி ஒருவர் அதிகாரி அல்லாத படைவீரரோடு வரம்பு மீறிப் பழகுவது. அதிகாரிகளுக்குள்ளேயே என்றால், பதவி வேறுபாட்டை மதிக்காத நெருக்கமான உறவு படையின் ஒழுங்கைக் குலைக்கும் நிலையிலேயே கடற்படை விதிகள் குறுக்கிடும். ஹார்ம், மேக் இருவரும் சமநிலையில் இருந்தவர்கள். ஒருவர் மற்றவருக்குக் கீழே இல்லை. அதே அலுவலகத்தில் இருந்த பட் ராபர்ட்ஸும் ஹாரியட் சிம்ஸும் தொடரிலேயே காதலித்துத் திருமணம் செய்துகொண்டு, குழந்தையும் பெற்றார்கள். கூர்மையான ரசிகர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டினார்கள்: கீழ்நிலை அதிகாரிகளுக்குக் கிடைத்த வாழ்வு மேல்நிலை அதிகாரிகளுக்கு எந்த விதியால் மறுக்கப்பட்டது?

உண்மையான தடை வேறிடத்தில் இருந்தது. கணவனும் மனைவியுமான இரண்டு வழக்கறிஞர்கள் ஒரே வழக்கில் எதிரெதிர்த் தரப்புகளுக்கு, அந்தத் தரப்பினரின் அறிந்த சம்மதம் இல்லாமல், வாதாடக் கூடாது என்பது அமெரிக்க வழக்கறிஞர் தொழில்நெறியின் பொதுவான நிலைப்பாடு. ராணுவ வழக்கறிஞர்களும் இத்தகைய நெறிகளுக்குக் கட்டுப்பட்டவர்களே. ஒருவர் அரசுத் தரப்பு, மற்றவர் குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு என்று மோதுவதுதான் ‘ஜாக்’ தொடரின் உயிர். திருமணம் ஆன மறுநாளே அந்த மோதல் சட்டப்படி சிக்கலாகிவிடும். ஆகவே அவர்களைப் பிரித்து வைத்தது ராணுவத்தைவிடக் கதையின் இயந்திரம்தான். கடைசி அத்தியாயத்தில் அந்த இயந்திரம் நின்றுபோகப் போகிறது என்பதால் மட்டுமே திருமணப் பேச்சுக்கு இடம் கிடைத்தது. எட்டாண்டுக்கு மேல் தள்ளிப்போட்டதை ஒரே மணி நேரத்தில் தீர்க்க வேண்டிய நெருக்கடி அங்கிருந்து பிறந்தது.

தள்ளிப்போட்டதன் கணக்கையும் ரசிகர்கள் மறக்கவில்லை. 1999 மே மாதம் ஒளிபரப்பான அத்தியாயத்தில், பட்–ஹாரியட் தம்பதியின் குழந்தை பிறந்த அன்று, ஹார்மும் மேக்கும் ஓர் ஒப்பந்தம் செய்கிறார்கள்: இன்னும் ஐந்தாண்டில் இருவருக்கும் வேறு துணை அமையாவிட்டால், தாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு குழந்தை பெற்றுக்கொள்வது. அந்தக் கெடு 2004-இல் முடிந்தது. அதற்குள் மேக்குக்கு கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் இருப்பது தெரியவந்து, கருவுறும் வாய்ப்பே குறைவு என்ற நிலை வந்துவிட்டது. தேதி குறித்து வைத்துக் காத்திருந்த ரசிகர்களுக்கு இது பெரிய அடி. அவர்கள் 2005-இல் நாணயத்தைப் பார்த்தபோது, ஒரு காட்சியை மட்டும் பார்க்கவில்லை. ஆறாண்டு காத்திருப்பின் நிலுவையையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

இனி வாதங்களுக்கு வருவோம். ஹார்ம்தான் விலக வேண்டும் என்றவர்கள் சொன்ன காரணங்களில் உணர்ச்சியைவிடக் கணக்கு அதிகம். அவர் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் 1980-களின் நடுவில் தேறியவர். அமெரிக்கப் படைகளில் இருபது ஆண்டு முடித்த அதிகாரி ஓய்வூதியத்தோடு வெளியேறலாம்; 2005-இல் ஹார்முக்கு அந்த எல்லை கைக்கெட்டியாயிற்று. மேக் அவரைவிட இளையவர்; இருபதாண்டு நிறையுமுன் அவர் விலகினால் அந்த ஓய்வூதியம் அவருக்கு இல்லை. ஒரே குடும்பம் ஆகப் போகிறவர்கள் எதை இழப்பது மலிவு என்று பார்த்தால், விடை ஹார்மின் பக்கம் சாய்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாதம் செய்த பலர் அதைத் தொடவில்லை. கடைசி அத்தியாயத்தில் ஹார்ம், கமாண்டருக்கு அடுத்த உயர்பதவியான கேப்டனாகப் பதவி உயர்வு பெறுகிறார். கமாண்டரும் அதற்கு மேற்பட்டவர்களும் தாம் வகிக்கும் பதவியிலேயே ஓய்வு பெற வேண்டுமானால், அப்பதவியில் பொதுவாக மூன்றாண்டு பணியாற்றியிருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். குறைந்தால் முந்தைய பதவியில்தான் ஓய்வு. ஆக, நாணயம் ஹார்முக்கு எதிராக விழுந்து அவர் உடனே வெளியேறியிருந்தால், தோளில் ஏறிய நான்காவது பட்டை ஓய்வுப் பட்டியலில் நிலைத்திராது. கடலுக்குத் திரும்பிப் பறப்பதா, வழக்காடுவதா என்று வாழ்நாளெல்லாம் தத்தளித்த ஒருவருக்கு, வியட்நாம் போரில் காணாமல் போன விமானியின் மகனுக்கு, அந்தப் பட்டை எவ்வளவு பெரியது என்பது தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தியாகம் மலிவு என்று சொல்லிவிட முடியாது.

மேக்தான் விலக வேண்டும் என்றவர்களை எல்லாம் பழைய மனப்பான்மைக்காரர்கள் என்று ஒதுக்கவும் முடியாது. அவர்கள் கையிலும் தொடரின் வரலாறே சான்றாக இருந்தது. எட்டாவது சீசனின் முடிவில், 2003-இல், பராகுவேயில் சிக்கிக்கொண்ட மேக்கை மீட்பதற்காக ஹார்ம் தன் அதிகாரப் பொறுப்பையே துறந்துவிட்டுப் போகிறார். திரும்பி வந்தபோது அவருக்குப் பழைய நாற்காலி காத்திருக்கவில்லை; கொஞ்ச காலம் சிஐஏவுக்கு விமானம் ஓட்டிவிட்டு, பிறகுதான் சட்டப் பிரிவுக்குத் திரும்புகிறார். அதற்கு ஈராண்டு முன்பு, மேக் வேறொருவரை மணக்கவிருந்த நேரத்தில், அந்தத் திருமணத்துக்கு வந்து சேரப் புயலில் விமானம் ஓட்டி அட்லாண்டிக்கில் விழுந்து உயிர் தப்பியவரும் அவரே. ஒருவர் ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாயிற்று, இப்போது மற்றவர் முறை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதற்கு எதிர்த்தரப்பு தந்த பதிலும் சாமானியமானதல்ல: விலகிப் போய்த் திரும்பி வர ஹார்முக்கு எப்போதும் கதவு திறந்திருந்தது, பதவியைத் துறக்கும் பெண் அதிகாரிக்கு அந்தக் கதவு அவ்வளவு எளிதில் திறக்குமா? டெயில்ஹுக்கின் நிழலில் தொடங்கிய ஒரு தொடர், காதலுக்காகப் பெண் சீருடையைக் கழற்றுவதாக முடிந்திருந்தால், பத்தாண்டுகளாகச் சொல்லிவந்ததையே அது மறுத்ததாகாதா?

மூன்றாவது ஒரு கூட்டமும் இருந்தது. பெரும்பாலும் படையில் பணியாற்றியவர்கள், அல்லது படைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் முன்வைக்கும் வாதம் இது. அவர்கள் நாணயத்தையே ஏற்கவில்லை. கேள்வியே தவறு என்றார்கள். கடற்படையிலும் மரைன் படையிலும் கணவன் மனைவி இருவரும் பணியில் இருந்தால், முடிந்தவரை அருகருகே பணியிடம் தர முயலும் நடைமுறை உண்டு. உறுதி கிடையாது, முயற்சி உண்டு. ஆனால் அது திருமணம் ஆனவர்களுக்குத்தான் பொருந்தும், நிச்சயம் செய்துகொண்டவர்களுக்குப் பொருந்தாது. அப்படியிருக்க, முதலில் திருமணத்தைப் பதிவு செய்துவிட்டு, மாற்றலை மறுபரிசீலிக்க விண்ணப்பிப்பதுதானே இரண்டு சட்டம் தெரிந்தவர்கள் செய்யக்கூடியது? பலரும் செய்வதுபோல ஒன்றிரண்டு ஆண்டு பிரிந்திருந்து, அடுத்த மாற்றலில் சேர்ந்துகொள்வதில் என்ன குறை? இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். ஐரோப்பாவுக்கான அமெரிக்கக் கடற்படைத் தலைமையகம் அந்த 2005-ஆம் ஆண்டிலேயே லண்டனிலிருந்து இத்தாலியின் நேப்பிள்ஸுக்கு இடம்பெயர்ந்தது. நாணயம் லண்டனைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், அந்த லண்டன் வெகுநாள் நிலைத்திருக்காது.

இந்த மூன்றாவது வாதம்தான் எனக்கு வலிமையானதாகப் படுகிறது. நாணயம் காற்றிலேயே நின்றதில் எனக்குக் குறையில்லை. சொல்லப்போனால், அந்த இறுதிச் சட்டகம் நேர்மையானது. ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தால், ஆண்டுக்கணக்கில் காத்த சமநிலையை எழுத்தாளர்களே கடைசி நொடியில் உடைத்ததாக ஆகியிருக்கும்; பாதி ரசிகர்கள் தம் நாயகனோ நாயகியோ தோற்றதாக உணர்ந்து எழுந்து போயிருப்பார்கள். குறை அதற்கு முந்தைய கணத்தில் இருக்கிறது. வாதாடுவதையே வாழ்க்கையாகக் கொண்ட இரண்டு பேர், தம் வாழ்க்கையின் மிகப் பெரிய வழக்கை வாதாடாமலே விட்டுவிடுகிறார்கள். ஓய்வூதியம், பதவி, மரைன் படைமீது மேக் கொண்ட பற்று, விமானத்தின்மீது ஹார்ம் கொண்ட தீராத ஆசை, குழந்தை பற்றிய பழைய ஒப்பந்தம் என்று அடுக்கி வைக்க எவ்வளவோ இருந்தது. நீதிமன்றத்தில் ஒரு சாட்சியின் சொல்லைக்கூடச் சும்மா விடாத இருவரும் இவற்றை மேசைமேல் வைத்து, ஒருவரை ஒருவர் குறுக்கு விசாரணை செய்யும் ஒரு நீண்ட காட்சி இருந்திருந்தால், அதன் முடிவில் இருவருக்கும் சம பலம் என்று தெளிந்து நாணயத்தை எடுத்திருந்தால், அதே சட்டகத்தை இன்னும் பலர் ஏற்றிருப்பார்கள். வாதம் தீர்ந்தபின் வரும் நாணயம் வேறு. வாதத்துக்குப் பதிலாக வரும் நாணயம் வேறு. ரசிகர்கள் தாங்களே அந்த வாதத்தை எடுத்து நடத்தியதற்குக் காரணமும் இதுதான். ஹார்ம் லண்டனில், மேக் லண்டனில், இருவரும் சான் டியேகோவில் என்று அவர்கள் எழுதிக் குவித்த தொடர்ச்சிக் கதைகள், திரையில் நடக்காத அந்த விசாரணையின் ஆவணங்கள்.

எழுத்தாளர்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2005-இன் தொடக்கத்தில் எலியட் அந்த சீசனோடு விலகுவதாக அறிவித்தார். அதற்கு முன்பே, இருவருக்கும் மேலதிகாரியான அட்மிரல் செக்விடன் பாத்திரம் ஒன்பதாவது சீசனோடு ஓய்வு பெற்றுப் போயிருந்தது. அவர் இடத்தில் மரைன் படையின் மேஜர் ஜெனரல் கிரெஸ்வெல் தலைமை ராணுவ வழக்கறிஞராக வந்தார். (கடற்படையின் சட்டத் தலைவராக மரைன் ஒருவரா என்று அப்போது ரசிகர்கள் கொதித்தார்கள், ஆனால் சட்டம் இரண்டு படைகளின் வழக்கறிஞர்களுக்கும் அந்தப் பதவியைத் திறந்தே வைத்திருக்கிறது. 1880-இன் சட்டப்படி அமைந்த அப்பதவியை முதலில் வகித்த வில்லியம் ரெமி மரைன் படைக்காரர்தான்.) இளம் வழக்கறிஞர் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து தொடரை நீட்டிக்கும் முயற்சியும் நடந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் சிபிஎஸ் தொடரை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த மாதக் கடைசியில் இறுதி அத்தியாயம் வந்துவிட்டது. தொடர் நீடிக்குமா, யாரை வைத்து நீடிக்கும் என்பது தெளிவாகாத சூழலில், எந்தப் பாத்திரத்தின் எதிர்காலத்தையும் பூட்டிவிடாத ஒரு முடிவு எழுதுபவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை. அந்த வசதி ரசிகர்களுக்குக் கைவிடப்பட்ட உணர்வைத் தந்தது என்பதும் உண்மை.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பதில் வந்தது. ‘ஜாக்’ தொடரிலிருந்து 2003-இல் கிளைத்த ‘என்சிஐஎஸ்’, அதிலிருந்து கிளைத்த ‘என்சிஐஎஸ்: லாஸ் ஏஞ்சலிஸ்’. முன்பு ‘ஜாக்’ தொடருக்கு எழுதிய ஸ்காட் ஜெமில் அதை நடத்திக்கொண்டிருந்தார். அதன் பத்தாவது சீசனின் இறுதியில், 2019 மே மாதம், ஹார்ம் மீண்டும் தோன்றினார். அத்தியாயத்தின் முடிவில் மேக்கும் வந்தார். செப்டம்பரில் தொடங்கிய அடுத்த சீசனில் இருவரும் எதிரெதிரே நின்று பேசினார்கள். சேர்ந்து வாழ்ந்து மகிழ்ந்த தம்பதியாக அல்ல. பிரிந்து பல ஆண்டுகள் ஆனவர்களாக. இருவரையும் பிரித்தது வேறு ஆணோ பெண்ணோ அல்ல. இருவருக்கும் விட முடியாத பணி.

பழைய ரசிகர்களில் பலருக்கு இது 2005-ஐவிடக் கசந்தது. நாணயம் காற்றில் இருந்தவரை அவர்கள் மனத்தில் வாழ்ந்த திருமணத்தை இது எடுத்துக்கொண்டது. அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், அந்தப் பிரிவு தொடரின் தர்க்கத்துக்கு உண்மையாக இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒருவர் மட்டும் விட்டுக்கொடுத்து அமைந்த ஏற்பாடு நீடிக்காது என்பது, 2005-இல் மூன்றாவது கூட்டத்தார் சொன்னதற்குப் பக்கத்தில் வருகிறது. அவர்களுக்கும் இந்த மீள்வருகையில் ஒரு முறையீடு உண்டு. அதற்கும் சட்டமே ஆதாரம். கேப்டன் பதவியில் இருப்பவர் பொதுவாக முப்பது ஆண்டு அதிகாரிப் பணி முடிந்ததும் ஓய்வு பெற வேண்டும். 1980-களின் நடுவில் அனாபொலிஸை விட்டு வந்த ஹார்ம் 2019-இல் இன்னும் கேப்டன் சீருடையில், அதுவும் ஒரு விமானந்தாங்கிக் கப்பலில், எப்படி நிற்கிறார் என்பதை அந்த அத்தியாயங்கள் விளக்கவில்லை. இடையில் பணி விட்டுப் போய்வந்த ஆண்டுகளைக் கழிக்கலாமா, சிறப்பு நீட்டிப்பு பெற்றிருப்பாரா என்று ஓய்வுபெற்ற கடற்படையினரும் தொடரின் ரசிகர்களும் ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். முப்பது என்ற எண்ணுக்குள் அவரைப் பொருத்திக் காட்டுவது கடினம்.